ஒரு மணிச் சங்கு

உள்ள வாம்மா, வா. ஏன் வாசல்லயே நிக்கிற? எதுத்த மாடிக்குப் புதுசாக் குடி வந்துருக்கிற பிள்ளைதான நீ? சன்னல் வழியாப் பாத்துருக்கேன். வீட்டுக்காரருக்குப் பேங்க்ல வேலை, சேலத்துப் பக்கம் ஊரு. எல்லாம் தெரியும். யாரும் வந்து சொல்லல, நானே விசாரிச்சுக்கிட்டேன். ஊருக்குள்ள யார் வந்தாக, யார் போனாகன்னு தெரியலன்னா நான் என்ன சேர்மன்?

உறை மோரா? இதுக்கா இம்புட்டுத் தயக்கம்? டம்ளரை அங்க வையி, போகும்போது ஊத்தித் தாரேன். முதல்ல உக்காரு. பிள்ளைய ஏன் இந்த வெயில்ல தூக்கிட்டு வந்த? தூங்க மாட்டேங்குறாளா? குடு இங்க. குடும்மா, கீழ போட்டுற மாட்டேன், நானும் ஒண்ணு பெத்தவதான். பேரென்ன? நறுமுகையா? அடேயப்பா. கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிருமே.

என்னைய ஆன்ட்டின்னு கூப்பிடாத. சேர்மனம்மான்னு கூப்பிடு. ஊரே அப்படித்தான் கூப்பிடும். தங்கபுஷ்பம்னு எனக்கு ஒரு பேரு இருக்கிறதே ஆதார் கார்டைப் பாத்தாத்தான் ஞாபகம் வருது.

அங்க பாரு, சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன். தட்டைக் கழுவிக் கவுத்தி வச்சிருக்கேன். ஒரு மணிச் சங்கு ஊதினாத்தான் நான் சாப்பிடுவேன். இன்னைக்கு ஊதாதுன்னு தெரியும். நேத்தோட சங்கை நிப்பாட்டிட்டாக, தெரியும். தெரிஞ்சும் தட்டைக் கழுவி வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன் பாரு, என்னத்தச் சொல்ல.

உங்க ஊர்ல சங்கு உண்டா? கோயில் சங்கில்லம்மா, முனிசிபாலிட்டிச் சங்கு. கட்டடத்து உச்சியில இருக்கும், கரண்ட்ல ஊதும். காலையில எந்திரிக்க ஒண்ணு, வேலைக்குப் போக ஒண்ணு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, எட்டு மணிக்கு ஒண்ணு. மில்லுக்காரன், தீப்பெட்டியாபீஸ்காரன், கடைக்காரன் எல்லாரும் அதைக் கேட்டுத்தான் நடந்தாக. இந்த ஊர்ல அந்தச் சங்கை வச்சது வெள்ளைக்காரன். ஆனா அதைப் பொம்பளைகளுக்காக ஊத வச்சது யாரு? இந்தா உக்காந்துருக்கேன்ல, நான்.

சிரிக்காத. கதை இல்ல. சொல்றேன் கேளு.

தொண்ணூத்தாறுல சேர்மன் பதவியப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாக. ஊர்ப் பெரிய மனுசங்கெல்லாம் கூடிட்டாக. எவன் வீட்டுக்காரியை நிப்பாட்டுறதுன்னு ஒரே பேச்சு. எங்க வீட்டுக்காரர் ஹைஸ்கூல் வாத்தியார், யார் வம்புக்கும் போகாதவுக. வாத்தியார் சம்சாரம்னா வாயத் திறக்க மாட்டா, காட்டுன இடத்துல கையெழுத்துப் போடுவான்னு என்னைய நிப்பாட்டினாக. செயிச்சுட்டேன். இந்த ஊர்ல சேர்மன் நாற்காலியில உக்காந்த முதல் பொம்பளை நான்தான்.

முதக் கூட்டத்துக்குப் போறேன், நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி. யாருக்குன்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரருக்குங்குறாக. அவுகளும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்துருந்தாக, பாவம், தலையெல்லாம் படிய வாரிக்கிட்டு. சபை பூராப் பாத்துக்கிட்டு இருக்கு. நான் சொன்னேன்: "இங்க ஓட்டு வாங்கினவுகதான் உக்காரணும். நீங்க வீட்டுக்குப் போயி உலையை வைங்க, மலரு பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா." சபை கொல்லுன்னு சிரிச்சுருச்சு. அவுகளும் சிரிச்சாக. சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போனவுகதான், அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் முனிசிபாலிட்டி வாசப்படி ஏறல. அம்புட்டு மரியாதை எம் மேல. இந்தக் காலத்துல எவன் இருப்பான் அப்படி? வீட்ல கூட எங்கிட்ட அதிகம் பேச மாட்டாக. சேர்மன்கிட்டப் பேசுற மாதிரிதான், தேவைக்கு ஒரு வார்த்தை.

சரி, சங்குக்கு வாரேன்.

அப்பல்லாம் தண்ணி எப்ப வரும்னு தெய்வத்துக்கே தெரியாது. வாரம் போயிரும், பத்து நாள் போயிரும். வந்தா எந்நேரமும் வரும். பொம்பளைக நல்லிகிட்டயே படுத்துக் கிடப்பாக. குடத்தை வரிசையில வச்சுட்டு, குடத்து மேலயே தலையச் சாச்சுத் தூங்கி, மறுநாள் தீப்பெட்டியாபீஸ்ல உக்காந்து கண்ணு சொருகி, மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்கி. நானும் அப்படித் தூங்கினவதான். சேர்மன் ஆனதும் எல்லாரும் என்ன நெனச்சாக? ரோடு போடுவா, கல்வெட்டுல பேரு போட்டுக்கிடுவான்னு. நான் சொன்னேன், இருக்கிற தண்ணியத்தான் விட முடியும், ஆனா விடும்போது சொல்லிட்டு விடலாம்ல? டேங்க்லருந்து திறக்கிறதுக்கு முன்ன சங்கை ஊதுங்க. கீழத்தெருப் பக்கம்னா ஒரு ஊதல், மில் காலனின்னா ரெண்டு, மேட்டுத்தெருன்னா மூணு. நீளமா ஊதினா மணி, குட்டையா ஊதினா தண்ணி. பொம்பளைக வீட்ல படுத்துத் தூங்கட்டும், சங்கு கேட்டு எந்திரிச்சு வரட்டும்.

எம்புட்டு எதிர்ப்புங்கிற! வேலாயுதம்னு ஒரு கவுன்சிலர், மீசைய முறுக்கிக்கிட்டே எந்திரிச்சாரு. "நூறு வருசமா ஊருக்கே மணி சொல்ற சங்கு, பொம்பளைகளைக் குடத்தைத் தூக்கிட்டு வான்னு கூப்பிடவா இருக்கு?"ன்னாரு. கமிஷனர் அதுக்கு விதி இல்லன்னாரு. ஊதக் கூடாதுன்னு விதி இருந்தாக் காட்டுங்கன்னேன். இல்ல. இல்லன்னா ஊதுங்க.

முத நாள் நடந்த கூத்தைச் சொல்லணும் உனக்கு. மத்தியானம் எல்லாரும் உண்ட மயக்கத்துல கிடக்காக. சங்கு விட்டு விட்டு ஊதுது. ஆம்பளைகளுக்கு விசயம் தெரியாது, நான் பொம்பளைககிட்டத்தான் சொல்லி அனுப்பிருந்தேன். அவுக தீப்பெட்டியாபீஸ்ல தீப்பிடிச்சிருச்சுன்னு நெனச்சு ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிட்டுத் தெருவுல ஓடுறாக. பொம்பளைக தண்ணின்னு ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிட்டு ஓடுறாக. எல்லார் கையிலயும் குடம், எல்லாமே காலிக் குடம். நம்ம வேலாயுதம் ரெண்டு குடத்தோட ஓடிட்டு இருந்தாரு. தீ எங்கன்னு கேட்டவுகளை நல்லி வரிசையில நிப்பாட்டித் தண்ணி பிடிச்சு வீட்டுக்குத் தூக்க வச்சேன். இந்த ஊர்ல ஆம்பளைக தண்ணி தூக்கினது அன்னைக்கு ஒருநாதான்.

அதுக்கப்புறம் எங்க போனாலும் தண்ணிச் சங்குச் சேர்மன்னு பேரு. சங்கு ஊதினா வீட்டுக்கு வீடு, "இந்தா சேர்மனம்மா கூப்பிட்டுருச்சு"ம்பாக. எனக்கு அது காதுல விழும்போது உடம்பெல்லாம் சிலுத்துக்கிடும் தாயி. ஒரு ஊரே நம்மளை நெனைக்குதுல்ல. பஸ் ஸ்டாண்டுல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டினேன், சுடுகாட்டுக்கு லைட்டு போட்டேன். ஆனா ஆளுக பேசினது சங்கைப் பத்தித்தான்.

பாரு, கண்ணு சொருகுது இவளுக்கு. மடியில போட்டு ஆட்டினாப் போதும், என்ன? நீ பேசாம இரு, நான் பேசுறேன். எம் பேச்சுக்கு அந்தக் காலத்துல கூட்டத்துல பாதிப் பேரு தூங்கிருவாக.

மலருன்னு சொன்னேன்ல, எம் பொண்ணு. பொன்மலர். ஒரே பிள்ளை. இப்ப பூனாவுல இருக்கா, கம்பெனியில பெரிய வேலை. அப்ப சின்னப் பிள்ளை. அவளை நான் வளத்ததே சங்கை வச்சுத்தான். ஒரு மணிச் சங்கு ஊதினா, லீவு நாள்னா, அப்பாகிட்டச் சோறு வாங்கிச் சாப்பிடணும். சாயந்தரச் சங்கு ஊதினா வெளையாட்டை நிப்பாட்டிட்டுப் படிக்க உக்காரணும். எட்டு மணிச் சங்கு ஊதினா அம்மா வந்துருவேன். அப்படிச் சொல்லி வச்சிருந்தேன். எங்க? சேர்மன் வேலை எட்டு மணியோட முடியுமா? யாராவது வந்துருவாக, கூட்டம் இருக்கும், டேங்க் மோட்டார் ரிப்பேர்னு நிப்பாக. ஆனா பிள்ளை அடமே பிடிக்க மாட்டா. தங்கம்.

ஒரு வேடிக்கை கேளு. ஒருநா எனக்கு மேல மாடியில கவுன்சில் கூட்டம், ஒரே காரசாரம். கீழ மலரு வந்துருக்கா, தனியா, வீட்லருந்து நடந்து. நேரா சங்கு ஊதுற அய்யாத்துரைகிட்டப் போயிருக்கா. "மாமா, இன்னைக்கு எட்டு மணிச் சங்கை ஊதாதீங்க"ன்னு சொல்லிருக்கா. ஏன்டா பாப்பான்னு கேட்டா, "நீங்க ஊதினதும் எங்கம்மா வரணும்ல, வரமாட்டேங்குறாங்க. அவங்க வந்தப்புறம் ஊதுங்க"ங்குறா! எம்புட்டு மூளை பாரு! சங்கு ஊதலன்னா எட்டு மணி ஆகலன்னு அர்த்தமாம், ஆகலன்னா அம்மா பொய் சொல்லலையாம்! அய்யாத்துரை மறுநாள் எங்கிட்ட வந்து சொல்றாரு, சொல்லும்போதே மனுசன் கண்ணுல தண்ணி. நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கவுன்சில்ல கூடச் சொல்லிச் சிரிச்சோம். எம் பிள்ளைக்குச் சின்ன வயசுலயே முனிசிபாலிட்டி நிர்வாகம் தெரிஞ்சிருக்குன்னேன்.

அன்னைக்கா? ஊதினாருதான். ஊதாம இருக்க முடியுமா? கவர்ன்மெண்டுச் சங்கு. என் பிள்ளைக்காக நிப்பாட்டினா நாளைக்கு ஊரே கேக்கும்ல?

நீ என்ன இப்படிப் பாக்கற? சிரிக்க மாட்டேங்குற. சரி, சொல்ற விதத்துல சொல்லலையோ என்னவோ.

எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்ததுக்கப்புறம் மலரு வந்து என்னைய பூனாவுக்குக் கூட்டிட்டுப் போனா. பெரிய வீடு, லிப்டு, எல்லாம் இருக்கு. இருக்க முடியல எனக்கு. எப்ப சாப்பிடுறது, எப்ப படுக்கிறதுன்னே தெரியல. ஒரு மணிக்குத் தட்டை எடுத்து வச்சுட்டு உக்காந்துருப்பேன், எது ஊதும்? "எங்க வீட்ல பசிச்சாச் சாப்பிடலாம்மா, சங்குக்குக் காத்திருக்க வேண்டாம்"னா மலரு. அது எப்படி? பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? சங்கு இல்லாத ஊர்ல எனக்கென்ன வேலைன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன். அவளும் பிடிச்சு நிப்பாட்டல. அதுக்கப்புறம் வான்னு கூப்பிடல. கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்னு தெரியும்ல, என் குணம் தெரிஞ்ச பிள்ளை.

தனியா இருக்கேன்னு நெனச்சுக்கிடாத. எனக்கு ஊரே சொந்தம். நேத்துக்கூட ஒருத்தர் வந்தாரு. கரண்ட் மீட்டர் பாக்க. நல்ல மனுசன், காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னேன், இன்னும் நெறைய வீடு இருக்குன்னு ஓடிட்டாரு.

சங்கை எப்படி நிப்பாட்டினாகன்னு கேக்கவே இல்லையே நீ?

கனகவல்லின்னு இப்ப சேர்மனா இருக்காள்ல, நான் சேர்மனா இருந்தப்ப அவ பாவாடை சட்டை போட்டுக்கிட்டுத் தெருவுல பாண்டி ஆடின பிள்ளை. சங்கை எடுக்கப் போறாகன்னு கேள்விப்பட்டு நேராப் போனேன் அவகிட்ட. அம்மா, கவுன்சில்ல வந்து பேசுங்கன்னு கூப்பிட்டா. போனேன். பட்டுச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன். பொன்னாடை போத்தினா. உங்களைப் பாத்துத்தான் நான் அரசியலுக்கே வந்தேன்னு மைக்ல சொன்னா. நானும் பேசினேன். தீப்பெட்டியாபீஸ் பொம்பளைகளைப் பத்தி, மில்லுத் தொழிலாளியப் பத்தி, நூறு வருசப் பெருமையைப் பத்தி. மில்லு மூடி எந்தக் காலம் ஆச்சு. இருந்தாலும் பேசினேன்.

கடைசியில அவ எந்திரிச்சு, "அம்மாவோட தண்ணிச் சங்கு இந்த ஊரோட பெருமை, அதைப் பெயிண்ட் அடிச்சு, அம்மா பேரோட பூங்காவுல வைக்கப் போறோம்"னா. எல்லாரும் கை தட்டினாக. நானும் தட்டினேன். நல்லா ஓங்கித் தட்டினேன். ஆட்டோவுல பாதி வழி வந்தப்புறம்தான் ஒறைக்குது, பூங்காவுல வச்ச சங்கு எப்படி ஊதும்? என் சங்கை நிப்பாட்ட நானே கை தட்டிட்டு வந்துருக்கேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லலம்மா நான். உண்மையான காரணத்தை. அதைச் சபையில சொல்ல முடியுமா? காலையில எந்திரின்னு சொல்ல எனக்கு வேற ஆள் இல்ல. சாப்பிடுன்னு சொல்ல வேற ஆள் இல்ல. படுன்னு சொல்ல ஆள் இல்ல. அது ஒண்ணுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்ப விடிஞ்சதுலருந்து அடையிற வரைக்கும் பொழுது ஒரே நீளமாக் கிடக்கு. பயமா இருக்கு.

மலருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சங்கை நிப்பாட்டிட்டாகடின்னேன். அப்புறம், "நெசமாவா? எட்டு மணிச் சங்கும் இனிமே ஊதாதா?"ன்னு கேட்டா. ஊதாதுன்னேன். மூக்கை உறிஞ்சுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. பூனாவுல குளுருல்ல, சளி பிடிச்சிருக்கும். அப்புறம் பேசுறேம்மான்னு வச்சுட்டா. அவளுக்கும் சங்குன்னா உயிரு, தாங்க முடியல பிள்ளைக்கு.

எல்லாத்துக்கும் காரணம் அந்தப் புது அபார்ட்மெண்டுக்காரிக. கனகவல்லி தெருத் தெருவாக் குறை கேக்கப் போனப்ப, எவளோ ஒருத்தி எந்திரிச்சுச் சங்குச் சத்தத்துல பிள்ளை தூங்க மாட்டேங்குதுன்னு சொல்லிருக்கா. அவ ஆரம்பிச்சு வைக்க, மத்தவுகளும் ஆமா ஆமான்னு பிடிச்சுக்கிட்டாக. அவ மட்டும் எங்கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிடுற மாதிரி நாலு கேள்வி...

என்னது?

நீயா?

இரு, எந்திரிக்காத. இருங்கிறேன்ல. பிள்ளை முழிச்சுருவா. கத்தணும்னுதான் வருது. இவ மடியில கிடக்காளே, எப்படிக் கத்த? நீயும் அழாத, மூக்கைச் சத்தமாச் சிந்தாத.

ஒவ்வொரு சங்குக்கும் தூக்கிப் போட்டு முழிச்சாளா? முழிச்சு அழுதாளா? பொழுதுக்கும் தூக்கமே இல்லாமயா? மலரும் எட்டு மணிச் சங்கு ஊதினா அழுவான்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாக. வயித்து வலியா இருக்கும், ஓமத் தண்ணி குடுங்கன்னு சொல்லிருந்தேன். அதுவேற, இதுவேற.

சரி விடு. சொன்னது சொல்லிட்ட. மோரு கேக்க வந்த இடத்துல நெசத்தைச் சொன்னியே, அதுக்கே ஒரு இது வேணும்.

போனை ஏன் பாக்கற? மணி என்ன?

ஒண்ணு தாண்டிருச்சா? எப்ப? நல்லாவே தாண்டிருச்சா? தெரியவே இல்லையே. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான உக்காந்துருந்தேன்.

இவளைப் பாரு. வாயத் திறந்து போட்டுத் தூங்குறா. எம் மடியில பிள்ளை தூங்கி நான் பாத்ததே இல்லம்மா. மலரு நான் வீட்டுக்கு வாரப்பவே தூங்கிப் போயிருப்பா, பாயில, அவ அப்பா பக்கத்துல. கையைப் பாரு, என் சேலையை எப்படிப் பிடிச்சிருக்கு. எடுத்தாலும் விட மாட்டேங்குது.

எப்ப முழிப்பா இவ? முழிச்சதும் பசிக்கு அழுவாளா? நல்ல சத்தமா அழுவாளா? தினமும் மத்தியானம் இந்த நேரம்தானா?

சாப்பாடா? எனக்குப் பசிக்கல. நீ போறியா? அடுப்புல பால் இருக்கா? சரி, போ. இவளை மெதுவாத் தூக்கு, தலையைப் பிடிச்சு. அந்தக் கையை மொதல்ல சேலையிலருந்து எடு. ம். மோரை எடுத்துக்கோ, அந்தா அந்தச் சட்டியில இருக்கு, ஒரு கரண்டி போதும்.

ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டுச் சன்னல் எஞ் சன்னலுக்கு நேராத்தான இருக்கு? சாத்திராத. வெயிலுக்குத் திரை மட்டும் போட்டுக்கோ. இவ பசிச்சு அழுதா உடனே ஓடிப் போய்த் தூக்கிராத தாயி. கொஞ்சம் அழ விடு. எனக்குக் கேக்கணும். கேட்டதும் நான் தட்டைப் போட்டுச் சாப்பிட்டுக்கிடுறேன்.